மலை எரிந்த இரவும் வராத கப்பலும்

கடற்கரை ஊரில் ஒரு வீடு, ஆனால் அது கடலைப் பார்த்து நிற்கவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கிறது. மாடியில் ஒரு தாத்தா இருக்கிறார். பாதித் தலையை மழித்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், யாரோடும் ஒரு வார்த்தை பேச மாட்டார். கீழே பாட்டி, அம்மா, சித்திகள், ஏகப்பட்ட பிள்ளைகள். அப்பா என்று ஒருவர்கூட அந்த வீட்டில் கிடையாது. பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை, ஏனென்றால் வேறு மாதிரி வீட்டை அவர்கள் பார்த்து வளரவில்லை.

ஹுவான் தோமாஸ் ஆவிலா லாரெல் ஸ்பானிய மொழியில் எழுதிய ‘அர்தே எல் மோந்தே தே நோச்சே’ என்ற நாவலின் வீடு இது. தலைப்பைத் தமிழில் ‘இரவில் எரிகிறது மலை’ என்று சொல்லலாம். 2009-ல் ஸ்பெயினில் வெளியானது. ஜெத்ரோ சூட்டரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014-ல் வந்து, அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் இண்டிபெண்டன்ட் அயல்மொழிப் புனைவு விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. பெரிய புத்தகம் இல்லை. கதையும் ஒரு ஊர், ஒரு மலை, ஒரு கடல், சில மரணங்கள் என்ற அளவில்தான். ஆனால் இதை முதல்முறை படித்து முடித்தபோது நான் பாதியைத்தான் படித்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. மீதிப் பாதி புத்தகத்துக்கு வெளியே, அந்தத் தீவின் வரலாற்றில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு திரும்பப் படித்தால் ஒவ்வொரு பக்கமும் வேறு கனத்தோடு வருகிறது. அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாவலில் தீவுக்குப் பெயர் இல்லை. ‘எங்கள் அட்லாண்டிக் பெருங்கடல் தீவு’ என்றுதான் கதைசொல்லி திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால் அது எந்தத் தீவு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அன்னோபோன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி, பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே, வெறும் 17 சதுர கிலோமீட்டரில் ஒரு எரிமலைத் தீவு. நடுவில் பழைய எரிமலை வாயில் தேங்கிய ஓர் ஏரி, அதைச் சுற்றி மலை, மலையடிவாரத்தில் ஊர்கள். இன்றைக்கும் சுமார் 5,000 பேர்தான் அங்கே வாழ்கிறார்கள். எக்குவடோரியல் கினி என்ற நாட்டைச் சேர்ந்தது. அந்த நாட்டின் தலைநகராக நெடுங்காலம் இருந்த மலாபோவோ 600 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, பியோகோ என்ற இன்னொரு தீவில் இருக்கிறது. நடுவில் சாவ் தோமே, பிரின்சிப்பி என்று வேறொரு நாடே வந்துவிடுகிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், தன் நாட்டிலிருந்து நழுவிக் கடலில் விழுந்துவிட்ட துண்டு மாதிரிதான் தெரியும்.

1470-களில் ஒரு புத்தாண்டு நாளில் போர்த்துகீசியர்கள் இதைக் கண்டார்கள். அதனால் ‘நல்ல ஆண்டு’ என்று பொருள்படும் ‘ஆனோ போம்’. அப்போது அங்கே மனிதர்களே இல்லை. சாவ் தோமேயிலிருந்தும் அங்கோலாப் பக்கத்திலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். கொண்டுவந்து விட்டதோடு சரி, வெள்ளையர்கள் அங்கே தங்குவது குறைந்துகொண்டே போனது. பல தலைமுறைகளுக்கு அந்த மக்கள் தாங்களாகவே ஊரை நடத்திக்கொண்டார்கள். பாதிரியார் இல்லாத நீண்ட காலங்களில்கூட, தேவாலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைகளே முன்னின்று செபம் நடத்தி, ஊருக்கும் தலைமை தாங்கியிருக்கிறார்கள். அவர்கள் பேசும் ஃபா தம்போ, போர்த்துகீசியச் சொற்களும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவானது. பெயரே ‘ஆனோ போமின் பேச்சு’ என்பதன் சுருக்கம்தான். 1778-ல் போர்த்துகல் இந்தத் தீவை, தென் அமெரிக்க எல்லைப் பேரத்தின் ஒரு பகுதியாக, ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டது. தீவுக்காரர்கள் ஏற்கவில்லை. வந்த ஸ்பானியர்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் நூறு ஆண்டுகளுக்கு ஸ்பெயின் ஏறக்குறைய மறந்தே போனது. 1885-ல் கிளரீசியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் வந்திறங்கிய பிறகுதான் ஸ்பானிய மொழியும் பள்ளிக்கூடமும் ஊன்றின.

அதாவது, வெளியிலிருந்து யாராவது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்ற நிலை இந்தத் தீவுக்குப் புதிதல்ல. ஆனால் நாவலில் வரும் வறுமை அந்தப் பழைய தனிமை இல்லை. இதைத்தான் முதல் வாசிப்பில் நான் தவறவிட்டேன்.

கதைசொல்லி எதையெல்லாம் இல்லை என்று சொல்கிறார் பாருங்கள். சோப்பு இல்லை. மண்ணெண்ணெய் இல்லை, அதனால் பொழுது சாய்ந்தால் வீடு இருட்டு. தீப்பெட்டி இல்லை. துணி இல்லை. மருந்து இல்லை. புகையிலைக்காகப் பெரியவர்கள் தவிக்கிறார்கள். தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்துவிட்டால் போதும், ஆண்கள் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள், ஏதாவது கேட்டு வாங்கி வர. நமக்கு ‘தொலைதூரத் தீவு’ என்றதும் இதெல்லாம் இயற்கையாகத் தோன்றிவிடுகிறது. ஒதுங்கிக் கிடக்கிற இடம், பாவம், அப்படித்தான் இருக்கும் என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் ஒரு கேள்வி வர வேண்டும். சோப்பு இல்லை என்று ஒருவர் வருந்த வேண்டுமானால், சோப்பு என்று ஒன்று முன்பு அங்கே இருந்திருக்க வேண்டும். விளக்கு இருக்கிறது, எண்ணெய்தான் இல்லை. அப்படியென்றால் முன்பு ஏதோ ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. அது நின்றுபோயிருக்கிறது. ஏன் நின்றது?

ஆவிலா லாரெல் பிறந்தது 1966-ல், மலாபோவில். குடும்பம் அன்னோபோனைச் சேர்ந்தது, வளர்ந்தது தீவில். எக்குவடோரியல் கினி ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது 1968 அக்டோபர் 12-ல். முதல் அதிபர் பிரான்சிஸ்கோ மாசியாஸ். 1979 ஆகஸ்ட் 3-ல் அவருடைய அண்ணன் தம்பி வழி உறவினரான தெயோதோரோ ஒபியாங் ராணுவப் புரட்சியில் அவரைக் கவிழ்த்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாவலாசிரியரின் இரண்டாவது வயதிலிருந்து பதின்மூன்றாவது வயது வரை, அதாவது குழந்தைப் பருவம் என்று நாம் சொல்லும் அத்தனையும், மாசியாஸ் ஆண்ட அந்தப் பதினொரு ஆண்டுகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கா கண்ட மிகக் கொடிய ஆட்சிகளில் ஒன்று அது. 1970-ல் ஒரே கட்சி, 1972-ல் வாழ்நாள் அதிபர். நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கொல்லப்பட்டார்கள் அல்லது தப்பி வெளிநாடு போனார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தப்பிப் போவதைத் தடுக்க மீன்பிடிப் படகுகளை அழித்தார்கள், மீன்பிடிப்பையே தடைசெய்தார்கள். தீவுகளை வைத்திருக்கிற ஒரு நாட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள். கொக்கோத் தோட்டங்களில் வேலை செய்த பல்லாயிரம் நைஜீரியத் தொழிலாளர்கள் 1970-களின் நடுவில் நாட்டைவிட்டு வெளியேறினார்கள், பொருளாதாரம் உட்கார்ந்துவிட்டது, அந்த இடத்தை நிரப்பச் சொந்த மக்களையே கட்டாய வேலைக்குப் பிடித்துப் போனார்கள். பள்ளிகள் சீரழிந்தன. 1978-ல் கத்தோலிக்கத் திருச்சபையே தடைசெய்யப்பட்டது. ஊர்ப் பெயர்களையெல்லாம் மாற்றினார்கள். அன்னோபோனுக்கும் ‘பகாலு’ என்று புதுப் பெயர் வந்தது.

இன்னொரு விஷயம். 1971-ல் சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட ஸ்பெயின், எக்குவடோரியல் கினி பற்றிய செய்திகள் எல்லாம் அரசாங்க ரகசியம் என்று அறிவித்துவிட்டது. பத்திரிகைகள் எழுதக்கூடாது. 1976 வரை இந்தத் தடை இருந்தது. அந்த மக்களின் மொழியைப் படிக்கத் தெரிந்த ஒரே ஐரோப்பிய நாடு, அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தன் மக்களிடமே சொல்லவில்லை. பேசாத தாத்தாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஐந்து வருட மௌனம் நினைவுக்கு வரும். நாவல் அப்படி ஒரு ஒப்புமையைச் சொல்லவில்லை, இது நானாகச் சேர்த்துக்கொள்வது. ஆனாலும் அந்த மாடியறை எனக்கு இப்போது வெறும் ஒரு கிழவரின் அறையாகத் தெரிவதில்லை.

நாவலில் மாசியாஸ் என்ற சொல் வராது. அரசாங்கம் ஏதோ தூரத்து வானிலை மாதிரி இருக்கிறது. ஏனென்றால் பார்ப்பது ஒரு சிறுவனின் கண். சிறுவனுக்குக் கப்பல் வரவில்லை என்பது தெரியும். யார் அனுப்பவில்லை என்பது தெரியாது. அப்பாக்கள் இல்லை என்பது தெரியும், எங்கே போனார்கள் என்பதை யாரும் அவனிடம் சொன்னதில்லை. இந்த இடைவெளிதான் இந்தப் புத்தகத்தின் எலும்பு. பெரியவராகிவிட்ட கதைசொல்லி நினைத்திருந்தால் இடையில் புகுந்து, ‘இதெல்லாம் எதனால் என்றால்’ என்று விளக்கியிருக்கலாம். அவர் செய்யவில்லை. செய்யாதது எவ்வளவு சரி என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுங்கோலனின் பெயர் ஒருமுறை வந்துவிட்டால் கதை அவனுடையதாகிவிடும், தாத்தாவும் பாட்டியும் அவனுக்குப் பலியானவர்கள் என்ற வரிசையில் போய் நின்றுவிடுவார்கள். இப்போது அவர்கள் அவர்களாகவே இருக்கிறார்கள்.

சரி, துயரத்தை மட்டுமே சொல்லிக்கொண்டு போனால் நாவலைத் தவறாக அறிமுகப்படுத்தியவன் ஆவேன். அது தொடங்குவது ஒரு வேலையில், ஒரு பாட்டில். மலையில் ஒரு பெரிய மரத்தை வெட்டி, அதைக் குடைந்து வள்ளம் செய்கிறார்கள். செய்து முடித்த பிறகு அதை மலையிலிருந்து கடற்கரைக்கு இழுத்து வர வேண்டும். ஊரே கூடுகிறது. ஒருவர் முன்னின்று பாட, மற்றவர்கள் ஒரே குரலில் பதில் சொல்லி, அந்தப் பதிலோடு சேர்த்து இழுக்கிறார்கள். நம் கடற்கரைகளில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘ஏலேலோ’ என்று ஒரு குரல் எழும்பியதும் இருபது தோள்கள் ஒரே நொடியில் முறுக்கேறுமே, அதேதான். பாட்டின் சொற்களுக்கு அர்த்தம் தேடத் தேவையில்லை, அது ஒரு கயிறு, அவ்வளவுதான், எல்லாக் கைகளையும் ஒன்றாகக் கட்டுகிற கயிறு. ஆவிலா லாரெல் இந்தக் காட்சியை அவசரப்படாமல் எழுதுகிறார், எந்த மரம், யார் செதுக்குவது, சாப்பாடு யார் தருவது, எப்படி இழுப்பது என்று. பொறுமையில்லாதவர்கள் இங்கேயே புத்தகத்தை மூடிவிடக்கூடும். மூடாதீர்கள். ஏனென்றால் பிறகு அதே ஊர், அதே கூட்டம், அதே ஒற்றைக் குரல், வேறொரு காரியத்துக்காகத் திரளப் போகிறது.

அதற்கு முன் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் சாப்பாடு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. கிழங்கு மலையிலிருந்து, மீன் கடலிலிருந்து. மலைக்குப் போய் மரவள்ளியும் சேம்பும் நட்டு, பிடுங்கி, சுமந்து வருவது பெண்கள். கடலுக்குப் போவது ஆண்கள். கடலுக்குப் போக ஆண் இல்லாத வீட்டில் மீன் இல்லை, யாராவது மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு. பிள்ளைகள் கரையில் போய் நின்று, வரும் வள்ளங்களைக் கரையேற்றக் கைகொடுத்து, ஒன்றிரண்டு மீனுக்காகக் காத்திருக்கிறார்கள். கதைசொல்லியின் வீட்டில் ஓர் ஆண் இருக்கிறார், ஆனால் அவர் மாடியில் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாத்தா ஏன் மற்றத் தாத்தாக்களைப் போலக் கடலுக்குப் போவதில்லை, வீட்டைக்கூட ஏன் கடலுக்கு முதுகு காட்டிக் கட்டினார் என்ற கேள்வி சிறுவனுக்கு வெறும் ஆர்வத்தால் வந்த கேள்வி இல்லை, பசியால் வந்தது. இந்தக் கேள்வியின் பதிலை இங்கே நான் சொல்லப்போவதில்லை, அதைத் தேடித்தான் கதைசொல்லி முழு நாவலையும் நடக்கிறார்.

அன்னோபோன் ஆண்கள் சாமானியமான கடலோடிகள் இல்லை. சின்ன வள்ளத்தில் போய்த் திமிங்கிலத்தையே எறியீட்டியால் வேட்டையாடும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. முன்பு அந்தப் பக்கம் வந்த அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களிலிருந்து கற்றுக்கொண்டது அது. வேலை தேடி மலாபோவுக்குப் போவதும் பழைய வழக்கம். ஆகவே ஆண்கள் இல்லாத வீடு அங்கே எப்போதும் கொஞ்சம் உண்டு. ஆனால் போனவர்கள் திரும்பி வருவதும், காசோ துணியோ அனுப்புவதும், கப்பல் ஓடினால்தான் நடக்கும்.

அப்புறம் அந்தத் தீ. இரண்டு சகோதரிகள் தங்கள் நிலத்தைத் திருத்த வைத்த தீ கைமீறிப்போய் மலையில் ஏறுகிறது. இரவில் மலை எரிவதை ஊரே கரையில் நின்று பார்க்கிறது. எரிவது வெறும் காடு இல்லை, வரப்போகும் மாதங்களின் சாப்பாடு. வெளியிலிருந்து ஒரு மூட்டை அரிசிகூட வர வழியில்லாத இடத்தில் கிழங்குத் தோட்டம் எரிந்தால், அதன் பொருள் பஞ்சம் என்று அந்த மக்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பயம் வந்ததும் காரணம் தேடுகிறார்கள். காரணம் என்ற பெயரில் ஒரு பெண் கிடைக்கிறாள். இரவில் உலவும் பேய்ப்பெண்கள் என்ற நம்பிக்கை அங்கே ஏற்கெனவே இருக்கிறது, சிறுவர்கள் அந்தப் பயத்தில்தான் இருட்டில் தூங்குகிறார்கள். ஒரு பகல் வெளிச்சத்தில் கூட்டம் கூடி ஒரு பெண்ணை அடித்தே கொல்கிறது. அதைச் சிறுவன் பார்க்கிறான்.

நான் படித்த எத்தனையோ வன்முறைக் காட்சிகளில் இது எனக்குள் தங்கிவிட்ட ஒன்று. காரணம் ரத்தம் இல்லை, சொல்கிற விதம். கதைசொல்லி அந்த இடத்துக்கு வருகிறார், விலகுகிறார், வேறு எதையோ பேசுகிறார், திரும்ப வருகிறார். சொல்லியாக வேண்டும், சொல்லவும் முடியவில்லை. வள்ளம் இழுத்த அதே கைகள். ஊர் ஒற்றுமை என்று நாம் நெகிழ்ந்து பேசுகிற அதே விஷயத்துக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு என்பதை எந்தத் தீர்ப்பும் எழுதாமல் அவர் காட்டிவிடுகிறார். தன் மக்களை அவர் காட்டுமிராண்டிகள் என்று எழுதவில்லை, பாவப்பட்டவர்கள் என்று மன்னிக்கவும் இல்லை. பசியும் இருட்டும் ஒரு ஊரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நேரில் பார்த்தவர் எழுதியது அது. சொந்த ஊரைப் பற்றி இந்த நேர்மையோடு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தீக்குப் பின்னால் காலரா வருகிறது. நாவலில் நூற்றுக்கணக்கானவர்கள் சாகிறார்கள். கடலின் அரசனுக்குக் கோபம், இருக்கிற பொருள்களையெல்லாம் அவனுக்குப் படைக்க வேண்டும் என்று முடிவாகிறது. ஏற்கெனவே ஒன்றும் இல்லாதவர்கள் இருந்ததையும் கொண்டுபோய்க் கடலில் சேர்க்கிறார்கள்.

இங்கே வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் படிக்கவே கூடாது என்பேன். 1970-ல் உலகளாவிய காலரா அலை ஆப்பிரிக்காவை எட்டியது. 1973-ல் அன்னோபோனில் காலரா பரவியது, மாசியாஸ் அரசு வெளியுதவியைத் தடுத்தது என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அப்போது ஆசிரியருக்கு ஆறேழு வயது. காலரா எப்படிக் கொல்கிறது என்பது நமக்குத் தெரியும். கிருமி உடலைத் தின்பதில்லை, தண்ணீரும் உப்பும் வயிற்றுப்போக்காக வெளியேறி, சில மணி நேரத்தில் ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப்பேர்வரை சாவார்கள். இழந்த தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்தால் நூற்றில் ஒருவர்கூடச் சாக மாட்டார். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டாம். 1971-ல் வங்கதேசப் போரின்போது, நம் எல்லையில் பன்காவ் அகதி முகாமில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தே, நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவை நாலுக்கும் கீழே கொண்டுவந்தார். சேறும் சகதியுமான ஒரு முகாமில் இது நடந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து அட்லாண்டிக் தீவில் மக்கள் தங்கள் சொத்தைக் கடலில் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்றால், அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை, உப்பு, சுத்தமான தண்ணீர், இவற்றோடு ஒரு கப்பல் வந்திருந்தால் போதும். கடலைத் தவிர வேறு யாரும் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை, அதனால் கடலிடம் கேட்டார்கள்.

இந்தப் புத்தகத்தின் நடையைப் பற்றி இருவிதமான கருத்து உண்டு. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், கிளைக்கதைக்குள் போய் நேரமாகித்தான் திரும்புகிறார், வாக்கியங்கள் வளைந்து வளைந்து போகின்றன என்பது குறை சொல்கிறவர்களின் வாதம். எல்லாம் உண்மைதான். ஆனால் இதை எழுத்தாகப் படிக்காமல் பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, விளக்கு இல்லாமல், ஒருவர் சொல்ல நாம் கேட்கிறோம். ‘எங்கே விட்டேன், ஆமாம், அந்த வள்ளம்’ என்று அவர் திரும்புவார். சொன்னதையே திரும்பச் சொல்வது மறதியால் இல்லை, கேட்கிறவன் மனதில் ஊன்ற. ஃபா தம்போ பெரும்பாலும் பேச்சிலேயே வாழ்கிற மொழி. அதில் கேட்டு வளர்ந்த கதையை, பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்பானியத்தில் எழுதும்போது, அந்தப் பேச்சின் மூச்சை அவர் உள்ளே கொண்டுவந்திருக்கிறார். பதிவேடு இல்லாத இடத்தில் ஞாபகம்தான் பதிவேடு, அதைத் திரும்பத் திரும்பப் புரட்டாவிட்டால் அழிந்துவிடும். இறந்தவர்களை அவர் எண்ணிக்கொண்டே போகும் இடங்களில் இது நன்றாகத் தெரியும். நடுவில் சில பக்கங்கள் எனக்கும் நீளமாகத்தான் பட்டன, அதை மறைக்கவில்லை. இருந்தாலும் அவற்றை வெட்டியிருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆசிரியர் இதை எழுதியபோது எங்கே இருந்தார் என்பதும் முக்கியம். வெளிநாட்டில் பாதுகாப்பாக உட்கார்ந்து எழுதவில்லை, மலாபோவில் இருந்தார், ஒபியாங்கின் ஆட்சியில். செவிலியராகப் பயிற்சி பெற்றவர். மலாபோவில் ஸ்பானியப் பண்பாட்டு மையத்தின் இலக்கிய இதழிலும் வேலை செய்தவர். தீவுக்கும் அதிபருக்கும் பெயர் வைக்காததில் ஒரு பங்கு குழந்தையின் பார்வை, ஒரு பங்கு எச்சரிக்கையாகவும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் பயந்து ஒதுங்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். 2011 பிப்ரவரியில், ஸ்பெயின் நாடாளுமன்றத் தலைவர் எக்குவடோரியல் கினிக்கு வந்திருந்த சமயத்தில், சர்வாதிகாரத்தை எதிர்த்து உண்ணாவிரதம் அறிவித்தார். அதன் பிறகு நாட்டைவிட்டு வெளியேறி ஸ்பெயினுக்குப் போக வேண்டியதாயிற்று. 2019-ல் மார்க் செரேனா அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு ‘புத்தகக் கடைகள் இல்லாத நாட்டின் எழுத்தாளர்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். பெயரிலேயே நிலைமை இருக்கிறது. தன் தீவைப் பற்றி அவர் எழுதியதைத் தீவில் இருப்பவர்கள் விலைகொடுத்து வாங்க ஒரு கடை கிடையாது.

மாசியாஸைக் கவிழ்த்த ஒபியாங் இன்றும் அதிபர். 1990-களில் அந்த நாட்டில் பெட்ரோலியம் கிடைத்தது, தலா வருமானக் கணக்கில் ஆப்பிரிக்காவின் பணக்கார நாடுகளில் ஒன்றாகக்கூட ஆனது. அன்னோபோனுக்கு ஒரு விமான நிலையமும் துறைமுகமும் வந்தன. 1993-ல் அங்கே எழுந்த போராட்டத்தை ராணுவம் அடக்கியது, உயிர்கள் போயின. 2024 ஜூலையில், ஒரு கட்டுமான நிறுவனம் வைக்கும் வெடிகளால் வீடுகளும் விளைநிலங்களும் பாழாகின்றன என்று தீவு மக்கள் சிலர் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்களைக் கைதுசெய்து மலாபோ சிறைக்குக் கொண்டுபோனார்கள். கூடவே தீவு முழுவதற்கும் இணையத்தைத் துண்டித்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஓராண்டு ஆன பிறகும் அது திரும்ப வரவில்லை என்று செய்தி வந்தது. வங்கி வேலை நடக்கவில்லை, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேச முடியவில்லை, முடிந்தவர்கள் தீவைவிட்டே கிளம்பினார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு நான் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். கப்பல் ஒன்று தொலைவில் தெரிய, கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஆண்கள் வள்ளத்தைக் கடலில் இறக்கும் பக்கத்தைத் தேடினேன். கரையில் நிற்கும் பிள்ளைகள் கப்பல் நிற்குமா, போய்விடுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாடியில் தாத்தா மட்டும் திரும்பவில்லை.